பேடல்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும்

வளைகுடாவில் வேலை பார்க்கும் நண்பர்கள் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்று எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் போட ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் ஒரே மாதிரி கேள்விகள்தான் வருகின்றன. சென்னையிலும் பெங்களூருவிலும் பேடல் என்ற இந்த ராக்கெட் ஆட்டத்துக்குக் கோர்ட்டுகள் வந்த பிறகு இன்னும் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். அடிப்படைக் கேள்விகள் முதலில், வில்லங்கமானவை பின்னால்.

இது டென்னிஸா, ஸ்குவாஷா? பார்த்தா ரெண்டையும் கலந்த மாதிரி இருக்கே?

கலந்த மாதிரிதான். கோர்ட் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுவில் வலை, அதன் உயரம் நடுப்பகுதியில் 88 சென்டிமீட்டர். இரண்டு பின்பக்கமும் மூன்று மீட்டர் உயரத்துக்குச் சுவர் (இப்போது பெரும்பாலும் கண்ணாடி), அதற்கு மேலே ஒரு மீட்டர் கம்பிவலை. பக்கவாட்டில் மூலைப் பகுதிகளில் மட்டும் கண்ணாடி, மற்ற இடமெல்லாம் கம்பிவலை. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். ஒற்றையர் ஆட்டத்துக்கென்று குறுகலான கோர்ட்டுகள் சில இடங்களில் உண்டு, ஆனால் போட்டிகள் எல்லாமே இரட்டையர்தான்.

ஸ்கோர் டென்னிஸ் மாதிரியே 15, 30, 40 என்று போகும். பந்தும் பார்க்க டென்னிஸ் பந்துதான், உள்ளே அழுத்தம் கொஞ்சம் குறைவு. ராக்கெட்டில் நரம்பு கிடையாது. உள்ளே நுரை, மேலே ஃபைபர் கிளாஸோ கார்பனோ, நடுவில் துளைகள். சர்வ் மட்டும் டென்னிஸுக்கு நேர் எதிர்: பந்தைத் தரையில் ஒரு முறை தட்டி, இடுப்புக்கு மேலே போகாமல் கீழ்க்கையால் அடிக்க வேண்டும்.

பந்து சுவத்துல பட்டா அவுட் இல்லையாண்ணா?

எந்தச் சுவர், எப்போது என்பதைப் பொறுத்தது. நீங்கள் அடித்த பந்து எதிரணியின் பக்கத்தில் முதலில் தரையில் விழ வேண்டும். அதன் பிறகு கண்ணாடியில் படட்டும், கம்பிவலையில் படட்டும், ஆட்டம் தொடரும், இரண்டாவது முறை தரையில் விழுவதற்குள் அவர்கள் எடுத்துவிட்டால் போதும். தரையில் விழாமல் நேராகச் சுவரிலோ கம்பியிலோ போய் மோதினால் பாயிண்ட் அவர்களுக்கு.

உங்கள் பக்கத்துக் கண்ணாடியில் நீங்களே பந்தை அடித்து, அது திரும்பி வலையைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் அதுவும் செல்லும். ஆனால் உங்கள் பக்கத்துக் கம்பிவலையில் அப்படி அடித்தால் செல்லாது. சர்வுக்கும் இதில் தனி விதி இருக்கிறது. சர்வ் செய்த பந்து எதிரணிப் பக்கத்து சர்வ் கட்டத்துக்குள் விழுந்து அப்புறம் கண்ணாடியில் பட்டால் சரி, கம்பிவலையில் பட்டால் ஃபால்ட். கேரம் ஆடி வளர்ந்தவர்களுக்கு ஓரத்தில் பட்டுத் திரும்பும் கணக்கு சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்பது என் அனுபவம், மூலையில் இரண்டு கண்ணாடியிலும் பட்டு வரும் பந்து மட்டும் எல்லோரையும் கொஞ்ச நாள் அலைக்கழிக்கும்.

அப்போ பிக்கிள்பாலும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. பிக்கிள்பால் 1965-இல் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தின் பெய்ன்பிரிட்ஜ் தீவில் பிறந்தது. சுவர் கிடையாது, துளை போட்ட பிளாஸ்டிக் பந்து, பேட்மிண்டன் கோர்ட் அளவு இடம். பேடலில் துளை ராக்கெட்டில், பிக்கிள்பாலில் துளை பந்தில் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒரே காலத்தில் பரவுவதால்தான் இந்தக் குழப்பம். அமெரிக்காவில் பிக்கிள்பாலின் கை மிக ஓங்கியிருக்கிறது, ஐரோப்பாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் பேடல்தான். இதற்கு ஒரு எளிய காரணம் உண்டு: பிக்கிள்பாலுக்கு இருக்கிற தரையில் கோடு போட்டு வலை கட்டினால் முடிந்தது, பேடலுக்குக் கண்ணாடியும் இரும்புச் சட்டமும் வாங்கி நிறுத்த வேண்டும். பொதுப் பூங்காக்களில் டென்னிஸ் கோர்ட்டுகள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கும் நாட்டில் எது வேகமாகப் பரவும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்பெயின்காரங்க கண்டுபிடிச்சதுதானே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிறந்தது மெக்சிகோவில். 1969-இல் அகாபுல்கோவில் என்ரிக்கே கோர்குவேரா என்ற பணக்காரர் தன் வீட்டில் ஆடுவதற்கு ஒரு களம் அமைத்தார். முழு டென்னிஸ் கோர்ட்டுக்கு இடம் போதவில்லை, பந்து வெளியே போய்விடும் தொல்லை வேறு. அதனால் சுற்றிலும் சுவர் எழுப்பி, சுவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். இன்று உலகம் முழுக்க இருக்கும் 20-க்கு 10 அளவு அந்த வீட்டுக் களத்திலிருந்து வந்ததுதான்.

இதற்கு முன்பே அமெரிக்காவில் சின்னக் களத்தில் மட்டையால் ஆடும் ஆட்டங்கள் இருந்தன. 1928-இல் நியூயார்க் பக்கத்தில் ஸ்கார்ஸ்டேல் என்ற ஊரில் பிளாட்ஃபார்ம் டென்னிஸ் தொடங்கியது, அதிலும் சுற்றியிருக்கும் கம்பிவலையில் பட்டு வரும் பந்தை ஆடலாம். ஆக, யோசனை முற்றிலும் புதியது என்று சொல்ல முடியாது. ஆனால் இன்று நாம் பேடல் என்று ஆடுவது அகாபுல்கோவில் உருவானதுதான்.

மெக்சிகோக்காரர் வீட்டுக் கொல்லையில ஆடினது ஸ்பெயினுக்கு எப்படிப் போச்சு?

பணக்கார நண்பர் ஒருவர் மூலமாகப் போனது. ஹோஹன்லோஹே பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் அல்ஃபோன்சோ, கோர்குவேராவின் விருந்தாளியாக அகாபுல்கோவுக்குப் போனவர். அவருக்கு ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் மார்பெய்யா கிளப் என்று ஒரு சொகுசு விடுதி இருந்தது. ஆட்டம் பிடித்துப்போய் 1974-இல் அங்கே இரண்டு கோர்ட் போட்டார். கோடையில் வந்து தங்கும் பெரும்புள்ளிகள் ஆட ஆரம்பித்தார்கள்.

அங்கிருந்து மாட்ரிட்டின் வசதியான கிளப்புகள், பிறகு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முற்றங்கள், நகராட்சி மைதானங்கள் என்று மெல்ல இறங்கி வந்தது. 1996 முதல் 2004 வரை பிரதமராக இருந்த ஹோசே மரியா அஸ்னார் பேடல் ஆடுபவர், அந்தக் காலத்தில் இது கொஞ்சம் வலதுசாரி மேட்டுக்குடி ஆட்டம் என்ற பேரும் அதனால் ஒட்டிக்கொண்டது. இப்போது அந்தப் பேர் போய்விட்டது. ஸ்பெயினில் 15,000-க்கு மேல் கோர்ட்டுகள் இருக்கின்றன, கால்பந்துக்கு அடுத்தபடி மக்கள் அதிகம் ஆடும் ஆட்டங்களில் ஒன்று. குடியிருப்பு முற்றத்துக்கு வந்ததுதான் திருப்புமுனை என்பது என் கணிப்பு. கிளப் உறுப்பினராகக் காசு கட்ட வேண்டாம், லிஃப்டில் கீழே இறங்கினால் கோர்ட்.

பெரிய ஆட்டக்காரங்க பேரைப் பார்த்தா பாதி அர்ஜென்டினாவா இருக்கு, ஏன்?

மார்பெய்யாவுக்கு வந்து போன அர்ஜென்டினாக்காரர்களில் ஹூலியோ மெண்டிதெகி என்பவர் 1975 வாக்கில் ஆட்டத்தைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ஸ்பெயினைவிட வேகமாகப் பற்றிக்கொண்டது. 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் அங்கே தெருவுக்குத் தெரு கோர்ட் போட்டார்கள். கண்ணாடி எல்லாம் இல்லை, சிமெண்ட் சுவர்தான். செலவு குறைவு, அதனால் ஊர்ப்பையன்களும் ஆடினார்கள்.

அப்புறம் மோகம் அடங்கி, பல கோர்ட்டுகள் மூடப்பட்டன. ஆனால் அந்த அலையில் வளர்ந்த பையன்கள் இருந்தார்கள். ஆடிச் சம்பாதிக்க வேண்டுமென்றால் ஸ்பெயின்தான் என்று அங்கே போனார்கள், பயிற்சியாளர்களாகவும் போனார்கள். 1992-இல் முதல் உலக சாம்பியன்ஷிப் ஸ்பெயினில் நடந்ததிலிருந்து இன்றுவரை ஆண்கள் பட்டமும் சரி, பெண்கள் பட்டமும் சரி, இந்த இரண்டு நாடுகளைத் தாண்டியதில்லை. உலகம் முழுக்கப் பரவிவிட்டது என்று பேசும்போது இதையும் கூடவே சொல்ல வேண்டும்.

டென்னிஸே தொட்டதில்லை சார், நாற்பது வயசாச்சு. ஆட முடியுமா?

முடியும். அரை மணி நேரத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு ராலி ஆடிவிடலாம், டென்னிஸில் இது நடக்காது. சர்வ் மெதுவானது என்பதால் யாரும் உங்களை சர்வாலேயே அடித்துத் தள்ள முடியாது. ராக்கெட்டின் நீளம் குறைவு, கைக்கு அருகிலேயே பந்து படுகிறது. தவறவிட்ட பந்து பின்கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருவதால் இரண்டாவது வாய்ப்பும் உண்டு. ஓடவேண்டிய தூரம் குறைவு, அதையும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஓட்டம் குறைவு என்றாலும் திடீரென்று நிற்பதும் திரும்புவதும் அதிகம். கெண்டைக்கால், குதிகால் நரம்பு, முழங்கை மூன்றும்தான் முதலில் மக்கர் பண்ணும். ஓட்டத்துக்கான ஷூவோடு இறங்காதீர்கள், செயற்கைப் புல்லின் மேல் மணல் தூவியிருக்கும், வழுக்கும். ராக்கெட்டின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டுவது கட்டாயம், அது விதியிலேயே இருக்கிறது. நாலு பேர் இவ்வளவு சின்ன இடத்தில் நிற்கும்போது கை நழுவிய ராக்கெட் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் காலேஜ் டீம்ல டென்னிஸ் ஆடினவன். ஆனா இங்க வயசான ஒரு அங்கிள்கிட்ட தோத்துட்டு வந்தேன். ஏன்?

ஓங்கி அடித்திருப்பீர்கள். டென்னிஸில் ஓங்கி அடித்த பந்து எதிராளியைத் தாண்டிப் போய்விட்டால் கதை முடிந்தது. இங்கே தாண்டிப் போன பந்து பின்கண்ணாடியில் மோதி, நல்ல உயரத்தில், சாவகாசமாக அங்கிளின் கைக்கு வந்து சேரும். எவ்வளவு வேகமோ அவ்வளவு நன்றாகத் திரும்பும். கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்: அவர் பந்தைத் துரத்தவே மாட்டார். பந்து தன்னைக் கடக்கும்போது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ராக்கெட்டைத் தாழ்த்தி, கண்ணாடியைப் பார்த்தபடி இரண்டடி நகர்ந்து காத்திருப்பார். பந்து திரும்பி வந்ததும் உங்கள் தலைக்கு மேலே உயரமாகத் தூக்கி ஒரு லாப். வலையருகே நின்ற நீங்கள் பின்னால் ஓட, அவர்கள் இரண்டு பேரும் வலைக்கு வந்துவிடுவார்கள்.

பேடலே இந்த வலைச் சண்டைதான். வலையைப் பிடித்த ஜோடிக்கு அனுகூலம், பின்னால் நிற்பவர்கள் லாப் போட்டு அவர்களைத் துரத்தப் பார்ப்பார்கள். அப்படி வரும் லாபை ஸ்மாஷ் அடிக்காமல், ஏந்திய தட்டைத் தள்ளுவது போல வெட்டி மூலைக்கு அனுப்பி வலையருகே இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் ஷாட்டுக்கு பந்தேஹா என்று பெயர். டென்னிஸில் இருந்து வருபவர்கள் முதலில் பழக வேண்டியது அதுதான். உங்கள் வாலி (பந்து தரையில் விழும் முன்பே அடிப்பது) நன்றாக இருக்கும், அது உதவும். மற்றதெல்லாம் கொஞ்சம் மறக்க வேண்டியிருக்கும்.

1969-லயே வந்துடுச்சுன்னா ஏன் இப்பதான் திடீர்னு எல்லா நாட்டுலயும்?

திடீரென்று என்பது நமக்குத்தான். ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் கிட்டத்தட்ட ஐம்பது வருடமாக இருக்கிறது. 1991-லேயே மாட்ரிட்டில் சர்வதேச பேடல் கூட்டமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். மற்ற நாடுகளுக்கு வெடித்துக் கிளம்பியது 2010-களின் பிற்பகுதியிலும் கொரோனா காலத்திலும். வெளியில் ஆடுவது, உடலோடு உடல் படாதது, ஒரு கோர்ட்டுக்கு நாலு பேர் என்பதால் பல நாடுகளில் டென்னிஸோடு சேர்த்து இதற்கும் சீக்கிரமே அனுமதி கிடைத்தது. ஜிம் மூடிக் கிடந்த காலம், ஜனங்கள் வந்து குவிந்தார்கள். இத்தாலியில் தொத்தி போன்ற முன்னாள் கால்பந்து வீரர்கள் ஆடிக் காட்டியதும் சேர்ந்துகொள்ள, இன்று ஸ்பெயினுக்கு அடுத்த வரிசையில் இருக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. உலகம் முழுக்க ஆடுபவர்கள் 3 கோடிக்கு மேல் என்பது சர்வதேசக் கூட்டமைப்பு சொல்லும் கணக்கு. வாரா வாரம் ஆடுபவரையும் எப்போதாவது ஒருநாள் ஆடிப் பார்த்தவரையும் சேர்த்துச் சொல்லும் எண்ணாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

அதைவிட முக்கியமான காரணம் இடத்தின் கணக்கு என்பேன். டென்னிஸ் கோர்ட்டுக்குச் சுற்றி ஓட விடும் இடத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 670 சதுர மீட்டர் வேண்டும். பேடலுக்கு 200. ஒரு டென்னிஸ் கோர்ட்டை எடுத்துவிட்டு இரண்டோ மூன்றோ பேடல் கோர்ட் போடலாம், ஒவ்வொன்றிலும் நாலு பேர், மணிக்கணக்கு வாடகை. அதே நிலத்தில் இரண்டு பேர் ஒற்றையர் ஆடிக்கொண்டிருந்ததற்குப் பதில் எட்டு, பன்னிரண்டு பேர் காசு கொடுக்கிறார்கள். ஆள் சேர்ப்பதும் சுலபமாகிவிட்டது, 2017-இல் மாட்ரிட்டில் தொடங்கிய பிளேடோமிக் மாதிரி செயலிகளில் முன்பின் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து ஆட்டம் போடலாம். ஆட்டம் நன்றாக இருப்பதால் ஜனங்கள் வருகிறார்கள். கோர்ட் இத்தனை வேகமாக முளைப்பதற்குக் காரணம் நிலம் வைத்திருப்பவர்களின் கணக்கு.

சுவீடன்ல எல்லாம் மூடிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

எல்லாம் இல்லை, ஆனால் பலமான அடி. கொரோனா காலத்தில் சுவீடன் கடுமையான ஊரடங்கு போடவில்லை. குளிர் நாடு, உள்ளரங்கம்தான் வேண்டும், காலியான கிடங்குகள் கிடைத்தன. கால்பந்து வீரர் ஸ்லாத்தான் இப்ராகிமோவிச்சும் பேடல் அரங்குகளில் பணம் போட்டார். மாலை நேரத்தில் கோர்ட் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்ததைப் பார்த்து ஒவ்வொருவரும் புதிதாக ஒரு அரங்கம் திறந்தார்கள். ஆயிரக்கணக்கில் கோர்ட் வந்துவிட்டது.

அப்புறம் 2022. மற்ற பொழுதுபோக்குகள் எல்லாம் திறந்துவிட்டன, மின்கட்டணமும் வட்டியும் ஏறின, ஒரே ஊரில் ஐந்தாறு அரங்கங்கள் விலையைக் குறைத்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. அந்த வருடமும் அடுத்த வருடமும் வரிசையாகத் திவால். ஜனங்கள் ஆடுவதை நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆடுபவர் எண்ணிக்கைக்கு மேல் கோர்ட் போட்டதுதான் வினை. மேலே அர்ஜென்டினாவைப் பற்றிச் சொன்னதும் கிட்டத்தட்ட இதே கதைதான், முப்பது வருடம் முந்தியது.

துபாய், கத்தார், குவைத்ல எங்க பார்த்தாலும் பேடல். அங்க மட்டும் ஏன் இவ்ளோ?

நிறைய காரணம். வெயிலுக்கு ஏசி போட்ட அரங்கம் கட்டப் பணம் இருக்கிறது, ராத்திரி வெகுநேரம் ஆடும் பழக்கமும் இருக்கிறது. பல நாட்டு ஆட்கள் கலந்து வாழும் ஊர்களில், மொழி தெரியாவிட்டாலும் நாலு பேர் சேர்ந்து ஆடக்கூடிய ஆட்டத்துக்கு மவுசு அதிகம். ஸ்பெயின், அர்ஜென்டினா பயிற்சியாளர்கள் வேலைக்கு வந்தார்கள். துபாய் பட்டத்து இளவரசர் ஷேக் ஹம்தானே ஆடுபவர், மேலிடம் ஆடினால் கீழே பரவத்தானே செய்யும். உலக சாம்பியன்ஷிப் 2021-இல் தோஹாவிலும் 2022-இல் துபாயிலும் 2024-இல் மறுபடி தோஹாவிலும் நடந்தது.

நம்மவர்களில் பலர் பேடலை முதலில் பார்த்தது அங்கேதான். அலுவலகத்தில் கூட வேலை செய்யும் லெபனான்காரரோ எகிப்துக்காரரோ நாலாவது ஆள் குறைகிறது, வா என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். விடுமுறைக்கு வரும்போது ராக்கெட்டோடு வருகிறார்கள். தமிழ்நாட்டில் ஆடுபவர்களில் எனக்குத் தெரிந்த ஒரு பங்கு இப்படி வந்தவர்கள்.

ரெண்டு டூர் சண்டை போட்டதா சொல்றாங்களே, அது என்ன?

டூர் என்றால் வருடம் முழுக்க ஊர் ஊராக நடக்கும் போட்டித் தொடர். 2013 முதல் தொழில்முறை ஆட்டத்தை நடத்தி வந்தது வேர்ல்ட் பேடல் டூர், அதன் பின்னால் இருந்தது பார்சிலோனாவின் தாம் என்ற பீர் நிறுவனக் குழுமம். போட்டிகள் பெரும்பாலும் ஸ்பெயினில். பரிசுப்பணம் போதவில்லை, ஒப்பந்தம் கெடுபிடியாக இருக்கிறது என்று முன்னணி ஆட்டக்காரர்களுக்கு மனக்குறை. 2022-இல் சர்வதேசக் கூட்டமைப்பும் ஆட்டக்காரர் சங்கமும் கத்தார் ஸ்போர்ட்ஸ் இன்வெஸ்ட்மெண்ட்ஸின் பணத்தோடு பிரீமியர் பேடலைத் தொடங்கின. பாரிஸ் கால்பந்துக் கிளப்பான பிஎஸ்ஜியை வாங்கிய அதே நிறுவனம், அதே தலைவர் நாசர் அல் கெலைஃபி. முதல் போட்டி தோஹாவில், பிறகு ரோம், பாரிஸ். பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் நடக்கும் ரோலண்ட் காரோஸ் வளாகத்தில் பேடல் கோர்ட் வந்தது அப்போதுதான்.

பழைய டூர் ஆட்டக்காரர்கள் மேல் வழக்குப் போட்டது. கொஞ்ச காலம் ஒரே ஆட்கள் இரண்டு டூரிலும் மாறி மாறி ஆடினார்கள். 2023-இல் கத்தார் தரப்பு பழைய டூரையே வாங்கிக்கொள்ள, 2024-இலிருந்து ஒரே டூர். ஆட்டக்காரர்களுக்கு நல்லதுதான். ஆனால் கூட்டமைப்பும் டூரும் முதலீட்டாளரும் இவ்வளவு நெருக்கமாக இருப்பது எனக்கு முழுசாக ஒப்பவில்லை. நாளைக்கு ஆட்டக்காரர்களுக்கு மறுபடி மனக்குறை வந்தால் போவதற்கு இன்னொரு இடம் இருக்காது.

பேடலுக்கு ஃபெடரர், நடால் மாதிரி யாரு?

ஒரே ஒரு பேர் என்றால் ஃபெர்னாண்டோ பெலாஸ்தெகின். அர்ஜென்டினாவின் பெஹுவாஹோ என்ற சின்ன ஊர்க்காரர். 2002 முதல் 2017 வரை தொடர்ந்து 16 வருடம் உலகின் முதலிடம். அதில் பெரும்பகுதி ஹுவான் மார்ட்டின் தியாஸ் என்ற இடக்கைக்காரரோடு ஜோடி. 2024-இல், 45 வயதில்தான் ஓய்வு பெற்றார். எந்த விளையாட்டிலும் இப்படி ஒரு ஆட்சி அபூர்வம், ஆனால் அந்தக் காலத்தில் ஆட்டத்தின் ஆழம் இப்போது இருப்பதைவிடக் குறைவு என்றும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

இப்போது ஆண்களில் ஸ்பெயினின் ஆர்துரோ கோயெயோ, அர்ஜென்டினாவின் அகுஸ்தின் தாபியா ஜோடியையும், அவர்களுக்கு எதிராக காலான், சின்கோத்தோ ஜோடியையும் பாருங்கள். சின்கோத்தோ குள்ளமானவர், எந்தப் பந்தையும் விடமாட்டார், ஆட்டத்தைப் படிக்க நினைப்பவர்கள் அவர் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தாலே போதும். பெண்களில் ஹெம்மா திரியாய், டெல்ஃபி பிரேயா, அரியானா சான்செஸ், பவுலா ஹோசெமரியா.

இவ்ளோ பேர் ஆடறாங்கன்னா ஒலிம்பிக்ஸ்ல ஏன் இல்லை?

இத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பது மட்டும் போதாது. பல கண்டங்களில், ஆண் பெண் இருபாலரிலும், முறையான தேசியக் கூட்டமைப்புகளோடு ஆடப்பட வேண்டும், ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரமும் வேண்டும். இரண்டே நாடுகள் எல்லாப் பட்டத்தையும் வெல்வது பற்றி ஆறாவது பதிலில் சொன்னேன், அது இங்கே பெரிய உறுத்தல். 2028 லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் புதிதாகச் சேர்த்த ஆட்டங்களில் ஸ்குவாஷும் கிரிக்கெட்டும் வந்தன, பேடல் வரவில்லை. 2023-இல் போலந்தில் நடந்த ஐரோப்பிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்றது, அது ஒரு பெரிய படி. ஸ்குவாஷ் எத்தனை வருடம் கதவைத் தட்டியது என்று பார்த்தால் பேடல் ரசிகர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

எங்க அபார்ட்மெண்ட்ல கோர்ட் போட விடமாட்டேங்கறாங்க, சத்தமாம். அவ்ளோ சத்தமா வரும்?

வரும். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நரம்பு இல்லாத கட்டை ராக்கெட்டில் பந்து படும் சத்தம் டென்னிஸைவிடக் கூர்மையானது. அதோடு கண்ணாடியில் மோதும் சத்தம், கம்பிவலையின் சலசலப்பு, நாலு பேரின் கூச்சல். பந்துகள் அடுத்தடுத்து வேகமாகப் படுவதால் காது பழகவும் செய்யாது. நெதர்லாந்து, பெல்ஜியம், பிரிட்டன் மூன்றிலும் அக்கம்பக்கத்தார் புகார் செய்து, ஆட்ட நேரத்தைக் குறைத்ததும் கோர்ட்டுக்கு அனுமதி மறுத்ததும் நடந்திருக்கிறது. பழைய டென்னிஸ் கிளப்புகள் வீடுகளுக்கு நடுவில் இருப்பவை, ஓரமாகக் கிடந்த கோர்ட்டில் பேடல் போட்டதும் பிரச்சினை ஆரம்பித்தது. உங்கள் கட்டடத்தில் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக இடம் பார்த்திருந்தால் நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இது டென்னிஸை அழிச்சிடுமா?

அழிக்காது, ஆனால் இடத்தைப் பிடிக்கும். டென்னிஸ் அமைப்புகளே அதைப் புரிந்துகொண்டு முந்திக்கொண்டன. பிரான்ஸில் 2014 முதல் பேடல் டென்னிஸ் கூட்டமைப்பின் கீழ்தான், பிரிட்டனிலும் அப்படியே, இத்தாலியக் கூட்டமைப்பு தன் பெயரிலேயே பேடலைச் சேர்த்துக்கொண்டது. காரணம் மேலே சொன்ன 670-க்கு 200 கணக்கு. நஷ்டத்தில் ஓடும் கிளப்புக்கு இரண்டு பேடல் கோர்ட் வாடகை கைகொடுக்கும். அந்தக் காசில் டென்னிஸ் கோர்ட்டைப் பராமரிப்பார்களா, அதையும் இடித்துப் பேடல் ஆக்குவார்களா என்பது அந்தந்த நிர்வாகத்தைப் பொறுத்தது. பையனை டென்னிஸ் கிளப்பில் சேர்க்கும்போது இதைக் கேட்டுவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.

பந்து கோர்ட்டுக்கு வெளிய போனா கதவு வழியா ஓடிப் போய் அடிக்கலாமாமே, கப்சாதானே?

நிஜம். எதிரணி ஸ்மாஷ் அடிக்கிறது, பந்து உங்கள் தரையில் விழுந்து துள்ளிப் பக்கவாட்டுச் சுவருக்கு மேலே வெளியே போகிறது. வலையின் இருபுறமும் இருக்கும் திறப்பு வழியாக வெளியே ஓடி, இரண்டாவது முறை தரையில் விழுவதற்குள் எடுத்து உள்ளே அடித்தால் ஆட்டம் தொடரும். வெளியே அதற்கான பாதுகாப்பான காலி இடம் உள்ள கோர்ட்டில் மட்டும் இது செல்லும். நம் ஊரில் பல கோர்ட்டுகளில் வெளியே பைக் நிற்கும், முயற்சிக்காதீர்கள்.

இதைவிட வில்லங்கமான ஒன்று: நீங்கள் அடித்த பந்து எதிரணியின் தரையில் விழுந்து, பின்கண்ணாடியில் பட்டு, வலையைத் தாண்டி உங்கள் பக்கமே திரும்பி வந்துவிட்டால்? அவர்கள் தொடாத வரை பாயிண்ட் உங்களுக்கு. ஆனால் பந்து ஏற்கெனவே அவர்கள் பக்கம் விழுந்துவிட்டதால், வலைக்கு மேலே ராக்கெட்டை நீட்டி உங்கள் பக்கத்தில் இருக்கும் பந்தை அவர்கள் அடிக்கலாம், வலையைத் தொடாமல் இருந்தால் போதும். இதற்குச் சண்டை வராத கோர்ட்டை நான் பார்த்ததில்லை.

முதல் ராக்கெட் எது வாங்கறது?

வட்ட வடிவம், மென்மையான நுரை, ஃபைபர் கிளாஸ் முகம். வைர வடிவில் கார்பன் போட்டு வருவது தலைப்பக்கம் கனமாக இருக்கும், ஸ்மாஷுக்கு நன்று, உங்கள் முழங்கைக்கு ஆகாது. கொஞ்ச நாள் வாடகை ராக்கெட்டில் ஆடிவிட்டு வாங்குங்கள். டூர் ஆட்டக்காரர் பேர் போட்ட ராக்கெட்டைத் தொடக்கத்திலேயே வாங்குபவர்களைக் கடைக்காரருக்கு மிகவும் பிடிக்கும்.

அண்ணே, ஊர்ல அரை ஏக்கர் சும்மா கிடக்கு. நாலு கோர்ட் போட்டா லாபம்தானே?

சுவீடன் பதிலை மறுபடி ஒருமுறை படியுங்கள். முதலில் போட்டவர் சம்பாதித்தார், ஐந்தாவதாகப் போட்டவர் மூடினார். உங்கள் ஊரில் வாரநாள் மத்தியானம் யார் வந்து ஆடுவார்கள் என்று யோசியுங்கள், மாலை ஆறிலிருந்து பத்து வரை கோர்ட் நிரம்புவதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கூரை இல்லாமல் போட்டால் மழைக்காலம் போச்சு: கண்ணாடி நனைந்தால் பந்து எகிறாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், பந்தும் ஈரத்தில் கனத்துவிடும், மின்விளக்குக்குக் கீழே இரும்புச் சட்டத்தில் தண்ணீர் வேறு. கடற்கரை ஊர் என்றால் உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்கும், நல்ல பூச்சு உள்ள சட்டமா என்று பாருங்கள். கூரை போடுவதென்றால் லாபுக்கு இடம்விட்டுப் போட வேண்டும், ஆறு மீட்டருக்குக் குறைந்தால் ஆடத் தெரிந்தவர்கள் ஒருமுறைக்கு மேல் வரமாட்டார்கள்.

இதையெல்லாம் தாண்டியும் போடுவதென்றால் இரண்டு கோர்ட்டில் ஆரம்பியுங்கள், மிச்ச இடத்தை அப்படியே விட்டுவையுங்கள். கூடவே ஒரு நல்ல பயிற்சியாளரைப் பிடியுங்கள், கண்ணாடிக்கு ஆகும் செலவைக் கணக்குப் போடுபவர்கள் இவருக்கு ஆகும் சம்பளத்தை மறந்துவிடுகிறார்கள். நாலு பேர் தாங்களாகவே வந்து ஆடிப்பார்த்து, பின்கண்ணாடி பிடிபடாமல் அலுத்துப்போய், இரண்டு மாதத்தில் மறுபடி ஷட்டில் ஆடப் போய்விடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.